அட்டையில் என் பெயர்

கோட்டுச்சேரிமேட்டுச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு டிரஸ்டுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். போன வாரம், என் பெயர் எழுதிய அட்டையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். படத்தில் அவள் சிரிக்கவில்லை.

டிரஸ்டுக்கே புகார் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. என் மேல் உள்ள கோபத்தில் அவளுக்கான உதவியை நிறுத்திவிட்டால்?

இன்று அந்த டிரஸ்ட் மேலாளர் அழைத்தார்.

"படத்த எடுத்துட்டோம் மேடம். ஃபீஸும் கட்டியாச்சு. இனிமே எந்தப் புள்ள கையிலயும் அட்டை குடுக்க மாட்டோம்."

அப்பாடா என்றிருந்தது.

"ஆனா பேஜ்ல போட ஒரு முகம் வேணுமே. உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்களேன்."

சரி, நானே அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சிரிக்காமல். அதில் என்ன எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்.