கூடாத சந்தைக்கு மறுநாள்

எங்கள் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. இடது பக்கம் 'நடந்தவை', வலது பக்கம் 'நடக்கவிருப்பவை'. கள்ளக்குறிச்சியில் அது அப்போது சிறிய தனியார் பள்ளி. நான் வரலாறு நடத்தினேன். பலகை எழுதுவதும் என் வேலை. இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்த அந்த வருடம்தான் எங்களுக்குப் பத்தாம் வகுப்பு நடத்த அனுமதி வந்தது. அந்தச் செய்தியை நெடுநாள் அழிக்க மனம் வரவில்லை. ஓவிய ஆசிரியர் அதைச் சுற்றிப் பூக்கொடி வரைந்திருந்தார். தூறலில் கொடி கரைந்தால் மறுபடி வரைவார்.

வலது பக்கத்தில் பெற்றோர் தினத்தை எழுதியபோது எனக்கும் தலைமை ஆசிரியருக்கும் சிறு வாக்குவாதம். நான் மாதம், தேதி, கிழமை மூன்றையும் எழுதியிருந்தேன். அவர் டஸ்டரை எடுத்துத் துடைத்தார்.

"தேதி போட்டா காலண்டர் மாட்டின வூட்டுக்குத்தான் தெரியும் சார். 'வரும் சந்தைக்கு மறுநாள்'னு எழுதுங்க. மலைக்காரங்களுக்கும் புரியும்."

கல்வராயன் மலைப் பிள்ளைகள் சிலர் எங்கள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அவர்களுடைய பெற்றோர் புதன்கிழமை தோறும் அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கி, கடுக்காயும் சாமையும் விற்று, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கல்வெட்டுகளில் அரசன் பட்டமேறிய ஆண்டைக் கொண்டு காலத்தைச் சொல்கிறார்கள்; சந்தையைக் கொண்டு சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நானும் சமாதானமானேன். விடுதிக் காப்பாளர் சந்தைக்கே போய், மலைப் பெற்றோரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர்களில் ஒருவருடைய மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். மலையிலிருந்து அந்த வகுப்பு வரை வந்த ஒரே பெண். காலாண்டு விடுமுறையோடு அவளை நிறுத்திவிடுவதா, தொடர்ந்து படிக்க விடுவதா என்று தகப்பனாருக்கு இரண்டு மனசு. "வெழாவுக்கு வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று காப்பாளரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து நாடகத்தில் ராஜா வேடம் தனக்குத்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள்.

"ராணின்னா தல குனிஞ்சிக்கினே இருக்கணும் சார். எங்கப்பாவுக்கு மூஞ்சே தெரியாது."

வேடம் கிடைத்தது. தன் நாட்டில் யாரும் தும்மக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, கடைசியில் தானே தும்மிவிடும் ராஜாவின் கதை. எழுதியவர் எங்கள் ஓவிய ஆசிரியர்.

விழா வாரத்தில் மறியல் தொடங்கியது. சாலைக்குக் குறுக்கே புளிய மரங்கள் கிடந்தன. பஸ் ஓடவில்லை. அந்த வாரத்தின் துயரங்களை வேறிடத்தில் எழுதியிருக்கிறேன். சங்கராபுரம் சாலையில் இருந்த எங்கள் ஊரிலிருந்து நான் சைக்கிளில் வந்தேன். ஒவ்வொரு மரத்திலும் இறங்கி, தூக்கித் தாண்டினேன். ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த என் பழைய மாணவர் எழுந்து பின் சக்கரத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

"இன்னா சார், நாங்க மறிச்சாலும் போய்க்கினுதான் இருக்கீங்க. பாவம் சார், புள்ளைங்க லீவுன்னு நெனச்சிக்கினு இருக்கும்."

புதன்கிழமை இருட்டுவதற்குள் மரங்களை ஓரமாக இழுத்துப்போட்டு வழி விட்டார்கள். வியாழக்கிழமை விழா நடந்தது. கருணாபுரத்திலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் பெற்றோர் நடந்தே வந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. வெளியூரிலிருந்து முன்கூட்டியே வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஒலிபெருக்கிக்காரருக்கு, விருந்தினருக்கு வாங்கிய மாலையைப் போட்டோம். அவர் நன்றியுரையும் ஆற்றினார்; நீளமாகவே ஆற்றினார்.

மலையிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. மந்திரியைப் பார்த்துப் பேச வேண்டிய வசனங்களை எல்லாம் ராஜா வாசலைப் பார்த்தே பேசினார். முடிந்ததும் அவள் கிரீடத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு போல சார்."

"மலைப் பாதை இன்னும் சரியாயிருக்காதும்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை, வகுப்புகள் நடந்துகொண்டிருந்தபோது, பள்ளி வாசலில் ஒரு சிறு கூட்டம் நின்றது. வெளுத்த சட்டை, புதுப் புடவை. முன்னால் நின்றவர் அவளுடைய தகப்பனார்.

"வெழா எந்தப் பக்கங்க?"

"வெழா போன வாரமே முடிஞ்சு போச்சுங்களே" என்றார் தலைமை ஆசிரியர்.

"எப்பிடிங்க முடியும்? சந்தைக்கு மறுநாள்னுதான சொன்னாங்க?"

"ஆமாங்க. புதன் சந்தை, வியாழன் வெழா."

"போன வாரம் சந்தையே கூடலீங்க. கூடாத சந்தைக்கு மறுநாள் எங்கிருந்துங்க வரும்? நேத்துதான் கூடிச்சு. இன்னிக்கு வந்துட்டோம்."

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். எங்களுக்குப் புதன் என்றாலே சந்தை. அவர்களுக்கோ, யாராவது சாக்கை விரித்துச் சாமையைக் கொட்டினால்தான் சந்தை. யோசித்துப் பார்த்தேன், தகப்பனார் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

"சார், மணி அடிக்கச் சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியர். "வெழா இன்னிக்குத்தான்."

வாடகை உடைகள் கடைக்குத் திரும்பிவிட்டிருந்தன. விடுதிப் போர்வை அங்கியானது. ஓவிய ஆசிரியர் அட்டையில் அவசரமாக ஒரு கிரீடம் வெட்டினார். மீசைக்குச் சாம்பார் அண்டாவின் அடிக்கரி. அந்தக் கரி மூக்கில் ஏறி, சட்டத்தை வாசிக்கும்போதே ராஜா பலமாகத் தும்மிவிட்டார். மைதானம் ஒரு கணம் திகைத்தது. மந்திரியாக நடித்த பெண் அசரவில்லை.

"மன்னா, சட்டம் இன்னும் படிச்சு முடியல. இந்தத் தும்மல் கணக்குல வராது."

தகப்பனார் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "நம்ம பொண்ணுதான், நம்ம பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் அதே ஊர்க்காரர், அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

நாடகம் முடிந்ததும் தகப்பனார் மகளிடம் போகவில்லை. நேராகத் தலைமை ஆசிரியரிடம் வந்தார்.

"முழுப் பரீட்சைக்கு இந்த மாதிரி வேசம் உண்டுங்களா?"

"வேசம் இல்லீங்க. உக்காந்து எழுதறதுதான்."

"நாங்க வந்து பாக்கலாமா?"

"உள்ள வுட மாட்டாங்க."

"அப்ப நான் எதுக்கு வந்துகினு? அவளே எழுதிட்டு வரட்டும்."

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள். அவளுடைய அம்மா முந்தானையால் மீசையைத் துடைக்கப் போனார்.

"இருக்கட்டும்மா, கணக்கு பீரியடு ஆரம்பிச்சிடும்" என்று கையை விலக்கிவிட்டு, மீசையோடு வகுப்புக்கு ஓடினாள்.