இடம் மாறிய சிவப்பு விளக்கு

கடந்த கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் எண்ணூர் கழிமுகத்தில் நடந்தது இது. என் தங்கை கணவர் அந்தோணியின் ஃபைபர் படகில் நான்தான் விளக்குகளைப் பொருத்தினேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரவில் அந்த நிறத்தை வைத்துத்தான் படகு எந்தப் பக்கம் போகிறது என்று எதிரே வருபவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்றெல்லாம் புத்தகங்களில் படித்தவன். ஆனால் பின்புற மோட்டாரைப் பார்த்து உட்கார்ந்தபடி மாட்டியதால், என் இடப்பக்கம் படகின் வலப்பக்கம் என்பதை மறந்துவிட்டேன்.

இருட்டியதும் இருவரும் கிளம்பினோம். எதிரே வந்த படகு விலகுவதற்குப் பதிலாக எங்கள் மீதே திரும்பியது. அந்தோணி மோட்டாரைச் சட்டென்று ஒடித்துத் திருப்ப, மயிரிழையில் தப்பினோம்.

"இன்னா மாமு, லைட்டப் பாத்தா அந்தாண்ட போற மாதிரி கீது, நீ இந்தாண்ட வந்துகினு கீறே!" என்று கத்தினார் அந்தப் படகுக்காரர்.

"நான்தான் மாத்தி மாட்டிட்டேன் மாப்ள" என்றேன் அந்தோணியிடம்.

"படிச்ச மச்சானாச்சேன்னு உன் கைல குட்த்தேன் பாரு!" என்றார் அந்தோணி.

மறுநாளே சரிசெய்தேன். இப்போது படகு இறங்குமுன் அதன் மூக்கைப் பார்த்து உட்கார்ந்து, இடக்கையை நீட்டி, அந்தப் பக்கம் சிவப்பு எரிகிறதா என்று பார்க்கிறேன்.

"அண்ணே, எங்க லைட்டையும் பாத்துட்டுப் போ" என்று மற்றவர்களும் அழைக்கிறார்கள். அப்படிப் பார்த்ததில் இரண்டு படகுகளில் இதே தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். இரண்டையும் நாட்குறிப்பில் தேதியுடன், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.