அம்மன் காலடியில் பூக்கட்டிப் பார்த்த நாள்

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் ஆடி மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் படித்துவிட்டு, "இதையெல்லாம் ஏம்மா எழுதினே?" என்று யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் பெங்களூர் அல்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறேன். 2005 மழைக்காலத்தில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தான். முப்பத்தெட்டு நாள் இருந்தான்.

குழந்தை பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி மூக்கை முந்தானையில் துடைத்தாள். அதே கையால் அவனை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவனுக்கு. பால் குடிக்கவில்லை. நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கினான். ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார்கள். போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! "அம்மனே எடுத்துக்கிட்டாம்மா" என்றார்கள். "கண்ணு பட்டுடுச்சு" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அம்மன் என்ன பிள்ளை பிடிக்கிறவளா? சளியும் இருமலுமாக வந்து பச்சைக் குழந்தையைத் தொட்டுவிட்டு, பழியை அவள் தலையில் போடுவதா?

என் மாமியார் வேறொன்று சொன்னார்: "மாசமா இருக்கறப்போ ஊசி போட்டுக்கிட்டே இல்ல? அதான்." அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போடுகிற டி.டி. ஊசி. இரண்டு வருஷம் அதையே சொல்லிச் சொல்லி என்னைக் குத்தினார்.

2007-ல் மறுபடி முழுகாமல் இருந்தேன். சந்தோஷமே இல்லை, பயம்தான். நர்சிங் ஹோம் டாக்டர் கன்னடக்காரம்மா. முதல் பிள்ளைக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஃப்ளூ ஊசின்னு ஒண்ணு இருக்கு. கூசு, அதான் கொழந்தை, பொறந்து ஆறு மாசம் வரைக்கும் அதுக்கு நேரா போட முடியாது. இப்ப நீ போட்டுக்கிட்டா, உன் ரத்தம் வழியா அதுக்கும் பலம் போகும். கொத்தாய்தா, புரிஞ்சுதா?"

"அப்ப காய்ச்சலே வராதா டாக்டர்?"

"வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தாலும் தாங்கும்."

இப்படி ஒரு ஊசி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதல் பிள்ளைக்கு முன்னால் ஒருத்தராவது சொன்னார்களா? அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். மாமியார் எகிறினார். "பேடா, வேணாம்! ஊசின்னா பேடவே பேடா!" வீட்டுக்காரர் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். தாயி சொல்றதைக் கேப்போம்" என்றார்.

நானும் சம்மதித்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஊசி போடலாம். சிவப்பு வந்தால் கூடாது. பூவைப் பறித்துப் பொட்டலம் மடித்தது மாமியார்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. ஏழு மாத வயிற்றோடு அம்மன் முன்னால் நின்றேன். "தாயே, எனக்கு இந்தப் பிள்ளை வேணும். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். என்னை மட்டும் ஏமாத்திடாதே" என்று அழுதேன். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் காலடியில் போட்டார். "நீயே எடும்மா" என்றார்.

எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு அரளி.

"பாத்தியா, தாயே சொல்லிட்டா!" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி மற்றப் பொட்டலத்தை எடுத்துப் போடக் குனிந்தார். அதை யாரும் பிரிப்பதில்லை. எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது. என் கை போய் அதைப் பறித்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு அரளி!

"அத்தே, என்ன இது?"

அவர் கீழே கிடந்த அரளியைப் பொறுக்கக் குனிந்தார்.

"அம்மன் முன்னாடியே பித்தலாட்டமா? என் பிள்ளை உசுரு உங்களுக்கு வெளையாட்டா?" கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"வெளையாட்டு இல்லடி," என்றார். "இன்னொரு கொழந்தையைப் பொதைக்க எனக்குத் தெம்பில்ல."

எனக்கும்தான் தெம்பில்லை. அதற்காக ஏமாற்றுவதா? நேரே போய் ஆட்டோவில் உட்கார்ந்தேன். "நர்சிங் ஹோமுக்கு விடுங்க" என்றேன். வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

கார்த்திகையில் மகள் பிறந்தாள். இருபத்தைந்தாம் நாள் வீடே படுத்தது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். மாமியார் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. நான் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு, "தாயே, தாயே" என்று கிடந்தேன். அவளுக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகியது. ஆனால் பால் குடித்தாள். நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏனூ இல்லம்மா, ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது சிலர் சொல்கிறார்கள், "ஊசி என்ன ஊசி, எல்லாம் அம்மன் அருள்" என்று. இன்னும் சிலர், "அம்மன் என்ன செஞ்சா, ஊசிதான் காப்பாத்திச்சு" என்கிறார்கள். இரண்டு தரப்பு மேலும் எனக்குக் கோபம் வருகிறது. என் கையை அந்தப் பொட்டலத்துக்குக் கொண்டுபோனது யார்? நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். டாக்டரம்மா வாயாலும் சொன்னாள்.

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரி யாரைப் பார்த்தாலும் பேசாமல் விடுவதில்லை. சகோதரிகளே, தாயிடம் மனசு விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு டாக்டரிடமும் போங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். சளியோடு குழந்தை பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாமியார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மறக்கவில்லை. போன மாதம் என் ஓரகத்தி ஐந்து மாதம் என்று வீட்டுக்கு வந்திருந்தாள். ஊசி போடலாமா, பூக்கட்டிப் பார்க்கலாமா என்று அவள்தான் ஆரம்பித்தாள். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "பூவெல்லாம் வேணாம். உன் வீட்டுக்காரனை ஆட்டோவை எடுக்கச் சொல்லு, நானே இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார்.