கீச்சென்று வந்தால் கையைத் தூக்கு

மேடைக்குப் பின்னால் போக விடுகிற அட்டை கழுத்தில் தொங்கினால் என்னென்ன கிடைக்கும் என்று நம் ஊரில் பெரிய பெரிய கற்பனை எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஓர் இசை விழாவுக்குப் போகிறேன் என்றதும் பெங்களூர் அடுகோடியில் எங்கள் எதிர்வீட்டு அம்மாள், "பெரிய ஸ்டாருங்களோட ஒண்ணா உக்காந்து சாப்புடுவியா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் தாயே. ஒரு கூடாரத்தில், மழைக்கோட்டைக் கழற்றாமல், உப்பே போடாத உருளைக்கிழங்கை. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஸ்டாரா, ஜெனரேட்டர் பார்க்கிறவரா என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லார் காலிலும் ஒரே சேறுதான்.

என் வேலை மானிட்டர் பார்ப்பது. அப்படியென்றால் என்ன என்று என் அண்ணனுக்கே இன்னும் புரியவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குக் கேட்கிற சத்தத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார். மேடையில் நிற்பவர்களுக்கும் தங்கள் குரல் கேட்க வேண்டுமே, அதற்காக அவர்கள் காலடியில் ஸ்பீக்கர்கள் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்பவள் நான். மேடை ஓரத்தில், கறுப்புத் துணி மறைவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்கு முன்னால் நிற்பேன். காலடி ஸ்பீக்கரின் சத்தம் கொஞ்சம் கூடினாலும் அது மைக்கிலேயே திரும்ப ஏறிக் கீச்சென்று கத்தும். கத்தத் தொடங்கும்போதே காதால் பிடித்து இறக்கிவிட வேண்டும். பெங்களூரில் அதற்கு எனக்கு நல்ல பெயர். "அக்கா வந்துட்டாங்களா, அப்போ பேஜார் இல்ல" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

எங்கள் பாடகி பிரேசர் டவுன் பெண். சர்ச் கொயரில் பாடிய காலத்திலிருந்தே அவளுக்கு நான்தான் மானிட்டர். அவள்மேல் அப்போது எனக்கு ஒரு கோபம் இருந்தது. சில மாதங்களாக ஒரு புதுப் பழக்கம் பிடித்திருந்தாள். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் பக்கமாக ஒதுங்கி, மைக்கைத் தோளால் மறைத்துக்கொண்டு பாடுவாள். விளக்கு வெளிச்சமெல்லாம் ஒரு பக்கம் விழும், இவள் இருட்டில் நிற்பாள்.

"ஏண்டி, ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா? ஃபாரின் போறோம்னதும் ஸ்டைல் பண்றியா?" என்று ஒத்திகையில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"இல்லக்கா, இப்படி நின்னா எனக்கு வசதியா இருக்கு" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். கிறுக்கு பிடித்துவிட்டது இவளுக்கு என்று நினைத்தேன்.

விழாவில் எங்கள் முறை மத்தியானம். முந்தைய குழு இறங்கியதும் எங்கள் சாமான்களை ஏற்றினோம். மிக்சர் அந்த விழாக்காரர்களுடையது. அதற்குப் பொறுப்பாக இருந்தவன் சிவப்புத் தாடி வைத்த ஒரு உள்ளூர்க்காரன், ரொம்ப மரியாதையானவன். பாடகி மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவன் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்து, தன் காதைத் தொட்டுக் காட்டினான். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள் என்கிறானாக்கும் என்று நினைத்தேன். எனக்கே பாடம் எடுக்கிறியாடா என்று மனசுக்குள் திட்டிவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மைக்கை அணைத்துவிட்டோம் என்றால் அது கூட்டத்துக்குத்தான் அணைந்தது. மானிட்டர்காரியின் ஹெட்போனுக்கு அது எப்போதும் திறந்தே இருக்கும். மேடையில் நடக்கிற காதல் சண்டை, வயிற்றுவலி, அடுத்தவர் மேல் புகார் எல்லாம் என் காதுக்கு வந்திருக்கின்றன. அன்றைக்குப் பாடகியின் மைக் பக்கத்தில் நின்ற எங்கள் டிரம்ஸ்காரனின் குரல் வந்தது.

"இங்கயும் கீச்சுனு அடிக்குது. அந்தத் தாடிக்காரன் மூஞ்சியப் பாத்தியா? அக்காகிட்ட சொல்லிடு, இல்ல இன்னிக்கு ஒரு நாள் அவனே பாக்கட்டும்."

"சும்மா இரு நீ" என்றாள் பாடகி. "அக்காவுக்குக் காதுதான் சோறு. அது போச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவாங்க. எப்பவும் போல ஸ்பீக்கர் சத்தம் மைக்குல ஏறாம நான் ஒதுங்கி நின்னு பாடிக்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். யார் காது போச்சு? என்ன திமிர் இவர்களுக்கு! மறுநிமிஷமே வீட்டுப் பால் குக்கர் ஞாபகம் வந்தது. அது விசிலே அடிப்பதில்லை என்று சிவாஜிநகர் போய்ப் புதிது வாங்கி வந்தேன். புதிதும் அடிக்கவில்லை. என் மகள் அடுப்பை அணைத்துவிட்டு, "எவ்ளோ நேரமா கத்துது, நீ பக்கத்துலயே நிக்கிற" என்றாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அப்போது பேசிக்கொண்டிருக்கவில்லை.

 இரண்டு கையையும் மிக்சர் மேல் ஊன்றிக்கொண்டேன். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. தெரியும் என்றாலும் வேண்டாம், இதுதான் வேண்டும். கேட்காதது போல இருந்துவிடலாம். அவள் வழக்கம் போல இருட்டில் நின்று பாடுவாள், ஊரில் என் பெயர் அப்படியே இருக்கும். எதிரே அவ்வளவு பெரிய புல்வெளி, அவ்வளவு கூட்டம். இந்த ஒரு மத்தியானத்துக்காக அவள் எத்தனை வருஷம் பாடியிருக்கிறாள்! அவளைத் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓரமாக நிற்கவைத்திருப்பது நான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் காலடி ஸ்பீக்கரில் மட்டும் கேட்கிற என் மைக்கை எடுத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுனது எனக்குக் கேட்டுச்சு."

பாடகி அப்படியே நின்றுவிட்டாள். டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டான்.

"அழுதேன்னா அடிப்பேன். நடுவுல வந்து நேரா நில்லு. கீச்சுனு வந்தா கையத் தூக்கு, நான் எறக்குறேன். சத்தம் நின்னதும் கைய எறக்கு. புரிஞ்சுதா?"

 ஹெட்போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரிக்கா" என்றாள்.

நடுவில் வந்து நின்றாள். மேடை விளக்கு வெளிச்சம் முழுக்க அவள்மேல் விழுந்தது. முதல் பாட்டின் பாதியில் வலது கையை மெதுவாகத் தூக்கினாள். எனக்குப் பாட்டு கேட்டது, அந்தக் கீச்சு மட்டும் கேட்கவில்லை. உச்ச ஸ்தாயியில் இருக்கிற ஒலிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். மூன்றாவதில் அவள் கை இறங்கியது. இரண்டாவது பாட்டில் மறுபடி தூக்கியபோது முன்வரிசையில் சிலரும் கையைத் தூக்கினார்கள். இது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று எண்ணிவிட்டார்கள் போல! நான் இறக்கினேன், அவள் இறக்கினாள், அவர்களும் இறக்கினார்கள். நான்காவது பாட்டுக்குள் புல்வெளி முழுக்கக் கைகள். டிரம்ஸ்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் தாளத்தைக் கோட்டை விடப் பார்த்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து மிக்சரில் எண்களே தெரியவில்லை.

தாடிக்காரன் என் பக்கம் குனிந்து, அந்தக் கைதூக்கலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். பிரார்த்தனை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பான்.

"எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, அதற்காக" என்றேன். என் மகளிடம்கூடச் சொல்லாததை, பேர்கூடத் தெரியாத ஒருவனிடம் முதலில் சொன்னேன்.

அவன் பதில் சொல்வதற்குள் அவள் கை மேலே போனது. நான் இறக்கினேன்.