நகப்பூச்சுக்கு அடியில்

ஆறு மாதம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த எண்ணை மறக்க வேண்டாம். சொரியாசிஸ் உள்ள ஒருவருக்கு விரலோ குதிகாலோ வீங்க ஆரம்பித்து, சரியான மருந்தில்லாமல் ஆறு மாதம் போனாலே மூட்டு அரிபடத் தொடங்கலாம். பஞ்சுக்கை ஒன்பது வருஷத்தைப் போக்கினாள். சும்மா உட்கார்ந்து போக்கவில்லை. இரண்டு டாக்டர்களிடம் நடையாய் நடந்துதான் போக்கினாள்.

பஞ்சுக்கை என்பது பார்லருக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். அவள் வேலை தலை கழுவுவது. வெட்டுவதற்கும் சாயம் போடுவதற்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். கடையின் பின்பக்கம், கழுத்தைச் சாய்த்துக்கொள்ளக் குழி வெட்டிய பீங்கான் தொட்டிதான் அவள் ராஜ்ஜியம். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். பிறகு பத்து விரலும் தலைக்குள் இறங்கும். காதுக்குப் பின்னால் ஒரு சுற்று, பிடரியில் ஒரு அழுத்து, உச்சியில் மழை பெய்கிற மாதிரி விரல் நுனிகள். வாயாடிகள்கூட அங்கே படுத்தால் பேச்சை மறந்துவிடுவார்கள். முடி வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல், தலையைக் கழுவிக்கொண்டு போவதற்கென்றே சிலர் வந்தார்கள்.

முதலில் முழங்கையில் செதில் வந்தது. பிறகு காதுக்குப் பின்னால். தலை தொடுகிற வேலைக்காரிக்குத் தோல் உதிர்கிறது என்று தெரிந்தால் யார் தலையை நீட்டுவார்கள்? முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். நகங்களில் ஊசியால் குத்தினாற்போலக் குழிகள் விழுந்தன. அதை மறைக்க அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கடையே மறைத்துக் கொடுத்தது. அடர்சிவப்பு நகப்பூச்சு இல்லாமல் வேலைக்கு வரக் கூடாது என்பது முதலாளியம்மா போட்ட சட்டம். “பூச்சு இல்லாத கை, பல்லு விளக்காத வாய் மாதிரி” என்பாள்.

அதற்கப்புறம் குதிகால் வலி. அதற்கும் அப்புறம் வலது மோதிர விரல், அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, வாழைப்பழம்போல வீங்கியது. எலும்பு டாக்டரிடம் போனாள். முழுக்கைச் சட்டையோடும் சிவப்பு நகத்தோடும்தான் போனாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் வாதம் இல்லை என்று வந்தது. “வேலை ஜாஸ்தி. கைக்கு ஓய்வு கொடுங்க” என்றார். தோல் டாக்டரிடம் தனியாகப் போனாள். அவரிடம் முழங்கையை மட்டும் காட்டினாள். களிம்பு கிடைத்தது. விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. தோலுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஒரு டாக்டருக்குத் தோல், இன்னொருவருக்கு எலும்பு. முழு ஆளாக அவளை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு மூட்டுவாத டாக்டரம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே, “அந்தப் பூச்சை முதல்ல அழிச்சுட்டு வாங்க” என்றார். நகத்தைப் பார்த்தார். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். காது மடலைத் திருப்பினார். “சொரியாசிஸ் மூட்டுவாதம். சிலருக்கு எக்ஸ்ரேயில ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. இந்தக் குழியைப் பார்த்திருந்தா அன்னைக்கே சந்தேகம் வந்திருக்கும்.”

வாரம் ஒரு தரம் மாத்திரை. அது போதாமல் பிறகு ஊசி. பலன் இருந்தது, இல்லை என்று சொன்னால் நன்றிகெட்டதனம். காலையில் இரண்டு மணி நேரம் மரக்கட்டையாகக் கிடந்த உடம்பு, பல் விளக்கி முடிப்பதற்குள் இளகியது. குதிகால் தரையில் பதிந்தது. ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

“இது எப்போ நிமிரும்மா?” என்று கேட்டாள்.

“வீக்கத்துக்கு மருந்து இருக்கு. இனிமே கெடாம இருக்கவும் மருந்து இருக்கு. ஒட்டிப்போன எலும்பைப் பிரிக்க என்கிட்ட மருந்து இல்லைம்மா.”

முதலாளியம்மா அவளை வாசல் மேசையில் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தொட்டிக்குப் பஞ்சுக்கையின் தங்கை வந்தாள். கடையில் அவளைச் சின்னவள் என்றார்கள்.

அன்றிலிருந்து பஞ்சுக்கைக்கு உடம்பு முன்னால், காது பின்னால். தடுப்புக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கும். தண்ணீர் மணிக்கட்டில் விழும் சத்தம் வேறு, பீங்கானில் விழும் சத்தம் வேறு, முடியில் விழும் சத்தம் வேறு. போனில் யாருக்கோ நேரம் சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் அவள் வலது கை அசையும். காதுக்குப் பின்னால் ஒரு சுற்று. பிடரியில் ஒரு அழுத்து. மூன்று விரல் போகும். இரண்டு விரல் வராது. ஈரத் தலையின் சூடு விரலிடுக்கில் ஏறுகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் ஏங்கினாள். சம்பளம் அதேதான். மேசை வேலையில் முதுகு வலியும் இல்லை. ஆனாலும் ஏங்கினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சத்தம் மாறியது. கிறீச், கிறீச். போனைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். வாடிக்கையாக வரும் டீச்சர் தொட்டியில் படுத்திருந்தார். சின்னவள் சாயம் போடுகிற ரப்பர் கையுறையோடு தலை கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இன்னைக்கு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு?” என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

“கழட்டுடி அதை” என்றாள் பஞ்சுக்கை.

“கஸ்டமர் இருக்காங்கக்கா. சாயம் ஒட்டும்.”

“தலை கழுவுற தண்ணியில ஏதுடி சாயம்?”

“என் தலையில இருக்கிறதெல்லாம் சொந்த நரைம்மா, ஒட்டாது” என்றார் டீச்சர்.

சின்னவள் கழற்றினாள். இடது நடுவிரல். அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். பஞ்சுக்கை அலமாரியிலிருந்து பூச்சு அழிக்கும் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருக அவள் கையால் முடியவில்லை. பல்லால் கடித்தாள். அதுவும் நடக்கவில்லை. டீச்சர் நுரைத் தலையோடு எழுந்து உட்கார்ந்து, “இப்படிக் கொடு” என்று வாங்கித் திறந்து கொடுத்தார்.

சிவப்பு போனது. அடியில் குழிகள்.

முதலாளியம்மா வந்து நின்றாள். “என்ன கூத்து இது? மொட்டை நகத்தோட நிக்கிறா?”

“நல்லாப் பாருங்க மேடம். என் கையிலயும் இதுதான் இருந்துச்சு, ஒன்பது வருஷமா. நீங்க போடச் சொன்ன செவப்புக்கு அடியில.”

முதலாளியம்மா குனிந்து அந்த நகத்தைப் பார்த்தாள். டீச்சர், “நுரை கண்ணுல இறங்குது, யாராவது பார்த்தா தேவலை” என்றார்.

சின்னவளை டாக்டரிடம் கிளப்புவது லேசில் நடக்கவில்லை. துண்டு அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“எத்தனை நாளாச்சுடி?”

“மூணு வாரம்.”

“என்னைத் தினம் பார்த்துக்கிட்டே மூணு வாரம் மறைச்சியா?”

“உன்னைப் பார்த்ததாலதான் மறைச்சேன். நீ சாப்பிடுற மாத்திரையில புள்ளை பெத்துக்கக் கூடாதுன்னு உன் டாக்டரம்மா சொல்லலை? கல்யாணமாகி நாலு வருஷமா நான் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்? ஒரு புள்ளை பொறக்கட்டும். அப்புறம் வர்றேன்.”

“அப்புறம் வந்து? அந்தப் புள்ளைக்கு எந்தக் கையால சட்டை பட்டன் போடுவ? இந்தக் கையாலயா?” பஞ்சுக்கை தன் வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். இதுவரை அதை யாருக்கும் நீட்டியதில்லை. “புள்ளை வேணும்ங்கிறதை அவங்ககிட்டயே சொல்லு. சொல்லாம இருந்து கெட்டவ நான். நீயும் ஒருத்தி வேண்டாம்.”

சின்னவள் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துண்டில் துடைத்தாள். “புதுத் துண்டுடி அது” என்றாள் அக்கா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போகிற அன்று பஞ்சுக்கை வாசலிலேயே சோதனை போட்டாள். அரைக்கைச் சட்டை, வெறும் நகம், கட்டாத முடி. டாக்டரம்மாவிடம் சின்னவள் முதல் வார்த்தையாகப் பிள்ளையைத்தான் சொன்னாள். “நல்லதாப் போச்சு, முன்னாடியே சொன்னீங்க” என்றார் டாக்டரம்மா. “அப்போ உங்க அக்காவோட மாத்திரை உங்களுக்கு வேண்டாம். கர்ப்பத்துக்கு ஒத்துவர்ற மாத்திரை வேற இருக்கு. அது போதலைன்னா அதுக்கேத்த ஊசியும் இருக்கு. சோதனைங்க முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம்.”

மருந்து உடனே மாயம் காட்டவில்லை. இரண்டு மாதம் சின்னவள் முணுமுணுத்தாள். மூன்றாவது மாதம் விரலில் கணுக்கோடுகள் திரும்ப வந்தன. ஒரு காலையில் வாசல் மேசைக்கு வந்து, கையை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள். பஞ்சுக்கை, “சரி சரி, போய் வேலையைப் பாரு” என்றாள். அவள் போனபிறகு மேசைக்கு அடியில் தன் கையை மூடிப் பார்த்தாள். சந்தோஷம்தான். அதோடு கூடவே ஒரு கேள்வியும் வந்தது. எனக்கும் அன்றைக்கு ஒருத்தி பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்திருந்தால்?

ஆள் வராத ஒரு மத்தியானம் சின்னவள் அவள் தோளைத் தட்டினாள். “வாக்கா. படு.”

அத்தனை வருஷத்தில் பஞ்சுக்கை அந்தத் தொட்டியில் படுத்ததே இல்லை. கழுத்துக் குழி இவ்வளவு குளிர்ச்சி என்று அவளுக்குத் தெரியாது. காதோரச் செதிலைச் சின்னவள் பார்த்துவிடுவாளே என்று கூசினாள். சின்னவள் அதைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் விட்டாள்.

“சூடு சரியாக்கா?”

“இன்னும் கொஞ்சம்.”

கையுறை இல்லை. பூச்சும் இல்லை. விரல்கள் இறங்கின. காதுக்குப் பின்னால் ஒரு சுற்று. பிடரியில் ஒரு அழுத்து. பஞ்சுக்கை ஒவ்வொரு விரலாகத் தேடினாள். இடது நடுவிரலுக்காகக் காத்திருந்தாள். அது வந்தது, மற்ற விரல்களைப் போலவே மடங்கி, மற்ற விரல்களைப் போலவே அழுத்தி. மடியில் கிடந்த அவள் வலது கையும் கூடவே அசைந்தது, முடிந்த மட்டும்.

“தூங்கிட்டியாக்கா?”

“இல்லடி. நிறுத்தாதே.”

விரல் வீங்கிய நாளிலிருந்து முதல் மாத்திரை உள்ளே போகும்வரை, சின்னவளுக்கு ஆனது ஏழு வாரம்.