காந்த மெஷினும் என் வெள்ளி அரைஞாண்கொடியும்

நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் அடிக்கிறாள்.

அரிசியைக் குறைத்துச் சாமையும் கேழ்வரகும் சாப்பிட்டால் ஈரல் கொழுப்பு குறையுமா என்று டாக்டர்கள் ஆராய்கிறார்கள். ஈரல் கெட்டுத்தான் என் தம்பி போனான். அதனால் அந்த ஆராய்ச்சியில் நானும் சேர்ந்தேன். ஊசியே குத்தாமல், எம்.ஆர்.ஐ. என்கிற காந்த மெஷின் ஈரலுக்குள் பார்த்துக் கொழுப்பை அளந்துவிடுகிறது.

தை மாதம் நடந்த முதல் ஸ்கேனில் வெள்ளி அரைஞாண்கொடியைக் கழற்றச் சொன்னார்கள்.

"ஆம்பள வெறும் இடுப்போட நிக்கக்கூடாதும்மா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

மெஷின் பார்க்கும் ஷபானாதான் கறுப்புக் கயிறு வாங்கிவந்தாள். "முதல்ல இதக் கட்டுங்க தாத்தா, அப்புறம் அதக் கழட்டுங்க."

அன்று வயிற்றை எக்கித்தான் கொக்கியைக் கழற்ற முடிந்தது.

இன்று அதே வேங்கிக்கால் ஸ்கேன் சென்டரில் கடைசி ஸ்கேன். முடிந்ததும், "கொழுப்பு கம்மியாச்சாம்மா?" என்றேன்.

"டாக்டர் கணக்கு போட்டுத்தான் சொல்வாரு. ஒரு வாரம் ஆவும்."

மருமகளிடம் கொடுத்து வைத்திருந்த வெள்ளிக்கொடியை வாங்கினேன்.

"முறை மறந்துடாதீங்க தாத்தா. அத மாட்டிட்டு கயித்த அறுங்க" என்று ஷபானா கிண்டலடித்தாள்.

வேட்டிக்கு மேலேயே மாட்டினேன். கொடி இடுப்பில் நிற்காமல் தொடைக்கு நழுவியது!

"உங்க ரிப்போர்ட்டு வந்துடுச்சு தாத்தா!" என்றாள் ஷபானா.

டாக்டர் சொல்வதைச் சொல்லட்டும். வரும் வழியில் சாமை வாங்கிவிட்டேன்.

உங்கள் கொடி என்ன சொல்கிறது?