கட்டிலுக்குக் கீழே ஒரு தீவு

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துப் பால் காய்ச்சினேன். ஆறே காலுக்குள் செய்தித்தாள் முடிந்தது. ஏழு மணிக்கு இட்லி. ஏழு பத்துக்கு என் கணவர் படுக்கையை விட்டு மறுபடி எழுந்து உட்கார்ந்தார்.

அவர் விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரி போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். புதன்கிழமை இடது கண்ணில் விழித்திரை ஆபரேஷன். கண்ணுக்குள் கொஞ்சம் வாயு ஏற்றியிருந்தார்கள். வாயு மேல்நோக்கித்தான் போகும். முகம் தரையைப் பார்த்திருந்தால்தான் அது திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிக்கும். பத்து நாள், மணிக்கு ஐம்பது நிமிடம் குப்புறவே இருக்கச் சொன்னார் டாக்டர். திரை ஒட்டாவிட்டால் இனி பஸ் ஓட்ட முடியாது. போனில் வேகமாக ஓடும் படங்களும் கூடாது. தினமும் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு போனில் ஆடுகிற துப்பாக்கி கேமும் அதனால் நின்றது.

சனிக்கிழமை அவர் கணக்குக்கு மேல் பதினான்கு முறை எழுந்தார். ஒவ்வொன்றையும் டைரியில் நேரத்தோடு குறித்திருக்கிறேன். கெடாரிலிருந்து உதவிக்கு வந்திருந்த நாத்தனாரின் பேச்சை அவர் மதிக்கவில்லை. என் விடுப்போ ஞாயிறோடு முடிகிறது.

அதற்கு நான் கண்ட வழி, கேமில் வரும் தீவைக் கட்டி அவர் முகத்துக்கு நேர் கீழே வைப்பது. மகள் சிறு வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் இரண்டு பை நிறைய இருந்தன. திண்டிவனம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. அளக்காமல் எதையும் செய்ய எனக்கு வராது. கேமுக்குள் என் ஆளை நடக்கவிட்டுக் காலடிகளை எண்ணினேன். கிடங்கு முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு. இரண்டு காலடிக்குக் கட்டையின் மேல் துருத்தும் புள்ளிகளில் ஒன்று. வெள்ளி, சனி இரண்டு நாளில் கிடங்கு, பள்ளிக்கூடம், தண்ணீர் டேங்க், மதில்கள் எல்லாம் எழுந்தன. மேலிருந்து பார்ப்பவருக்காகக் கூரைகளை விட்டுவிட்டேன்.

ஆட்ட விதிகளையும் எழுதினேன். தாயக்கட்டையில் விழும் எண்ணுக்குத் தன் பொம்மை ஆளை நகர்த்த வேண்டும். சுடுகிறவர் தன் ஆளிடமிருந்து எதிராளிவரை நூல் பிடிக்க வேண்டும். நூல் சுவரைத் தொட்டால் குண்டு வீண்.

எட்டரைக்குத் தீவைப் பலகையோடு கட்டிலோரமாகத் தள்ளி வைத்தேன். கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிக் கையைத் தொங்கவிட்டு அவர் பார்த்தார்.

"பஸ் ஓட்டுற மனுசனுக்குச் சொப்பு சாமானா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நீ போய் சாம்பாரப் பாரு," என்றவர் என்னிடம், "டேங்கு இங்கியா கீது? ஸ்கூலுக்குப் பின்னாடிதான?" என்றார்.

"நாப்பத்திரண்டு காலடிங்க. எண்ணித்தான் வெச்சிருக்கேன்."

பதினொன்று இருபதுவரை நன்றாகப் போனது. பிறகு அவருடைய சிவப்பு ஆள் பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டது. வாசலின் அகலம் ஒரு புள்ளி. ஆள் நுழைந்தது, அதைப் பிடித்திருந்த விரல் நுழையவில்லை. இரண்டு முறை முயன்றார். சுவர் சரிந்தது. விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என் வெரலு இன்னா ஈர்க்குச்சியா? பேஜாரு புடிச்ச வாசலு!"

"அளவு சரிதாங்க. கேம்ல ரெண்டு காலடிதான்."

"கேம்ல வெரல உட்டுக்கினா நடக்கறேன்?"

நாத்தனார் கரண்டியோடு வந்து சிரித்தாள். "பஸ்ஸு பெரிசுன்னு ரோட்ட இடிக்கச் சொல்ற ஆளுதான இவரு!"

நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பாடுபட்டது அவரைப் படுக்க வைக்க. என் அளவே அவரை எழுப்பிவிட்டது. "படுங்க. பாத்துக்கினே இருங்க, மாத்தறேன்," என்றேன். படுத்தார். ஒன்பது வாசல்களையும் மூன்று புள்ளிக்கு அகலப்படுத்தினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை பாதியாகக் குறுகியது. டேங்க் இரண்டு புள்ளி தள்ளிப் போனது. அலுவலகத்தில் இப்படி ஒரு வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இந்தத் தீவுக்கு இதுதான் சரியான அளவு.

சாப்பாட்டுக்குப் பின் ஆட்டம் சூடு பிடித்தது.

"நூலு சொவத்தத் தொடவே இல்ல!"

"தொடுதுங்க."

"நீ கோணலா புடிக்கற. ஏய், நீ வந்து பாரு."

நாத்தனார் தரையில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "தொடுது அண்ணே. ஒன் குண்டு வீண்." தீர்ப்பை ஏற்காமல் அவர் தலையணையைக் குத்தினார், முகத்தை மட்டும் தூக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவளையே என் பக்கம் சேர்த்துக்கொண்டேன். அப்படியும் ஏழு மணிக்குக் கிடங்குக்குள் மாட்டித் தோற்றேன்.

டைரியைப் பார்த்தேன். பன்னிரண்டு மணியிலிருந்து அவர் எழுந்தது மூன்றே முறை. சாப்பிட, பாத்ரூம் போக, மருந்து விட. மூன்றும் அனுமதித்த பத்து நிமிடங்களுக்குள்.

"நாளைக்கு லீவு போடாத, கெளம்பு," என்றார் தரையைப் பார்த்தபடி. "மத்தியானம் போன் பண்ணி ஒன் ஆள எங்க வெக்கணும்னு சொல்லு. இவ நகத்துவா."

"எழுந்திரிக்க மாட்டீங்களே?"

"எழுந்தா இவ என் ஆள ஜல்தியா சுட்டுட்டுப் பூடுவா. யார் எழுந்துக்கறது?"

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்து முதல் வேலையாக, திண்டிவனம் ரயிலுக்குக் கட்டிப்போக வேண்டிய புடவையை இஸ்திரி போட்டேன்.